கடைசிப் பாட்டு இன்னும் முடியவில்லை

மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் லிஃப்ட் மெக்கானிக் நீளமான ஒரு ஸ்குரூடிரைவரை எடுக்கிறார். அதன் முனையை மோட்டார் பேரிங்கின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார். கண் பாதி மூடிவிடுகிறது, உதடு குவிகிறது. கீழே எந்த மாடியிலோ யாரோ பொறுமையில்லாமல் பட்டனைக் குத்திக்கொண்டே இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். குத்தட்டும். "எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லும். நாம கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு நின்னாப் போதும்" என்பார்.

ஐம்பதைத் தாண்டியவர். கம்பெனி கொடுத்த சாம்பல் நிறச் சட்டைக்குள் எப்போதும் ஒரு கறுப்பு பனியன். அதில் மண்டையோடு, சங்கிலி, தீப்பிடித்த கோபுரம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அவர் மனைவி அந்தப் பனியன்களை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டுத்தான் இஸ்திரி போடுவார். நேராகப் போட்டால் மண்டையோடு பெட்டியில் ஒட்டிக்கொள்கிறதாம். ஹெவி மெட்டல் கேட்பவர்கள் தாளத்துக்குத் தலையைச் சுழற்றுவார்கள், கூந்தல் பறக்கும். இவரும் சுழற்றுகிறார். பறப்பதற்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை.

ஆளைப் பார்த்தால் சாது. லிஃப்ட் கதவை ஓங்கிச் சாத்திவிட்டால் கதவிடமே 'சாரி' சொல்கிற ரகம். குடியிருப்பில் மட்டும் அவருக்கு வேறு மாதிரிப் பெயர். ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லைங்களே. பாட்டு ஓடுது."

"அப்ப பாடறவருக்கு ஏதாவது பிரச்சினையா?"

மெக்கானிக் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஆமாங்க, அவருக்கு நிறையப் பிரச்சினை. அதைத்தான் பாடறாரு. உள்ள வாங்களேன், கேட்கலாம்" என்று கதவை அகலத் திறந்தார். எதிர்வீட்டுக்காரருக்கு அந்த நேரம் பார்த்து அடுப்பில் ஏதோ ஞாபகம் வந்துவிட்டது.

அவர் அழவும் செய்வார், அதில் அவருக்கு வெட்கமே கிடையாது. சினிமாவில் தாயும் பிள்ளையும் சேரும்போது பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருக்கும் மனிதர், கிதார்கள் இடிக்க ஒருவன் தொண்டை கிழியக் கத்தும்போது கைக்குட்டையைத் தேடுவார். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "மத்த பாட்டுல சோகத்தைத் தலை சீவிப் பவுடர் போட்டுக் கூட்டிட்டு வருவாங்க. இவங்க அப்படியே தரதரன்னு இழுத்துட்டு வந்துடறாங்க. லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவன் எப்படிக் கத்துவான்? ராகம் பார்த்தா கத்துவான்?"

இந்தப் பைத்தியத்தை அவருக்குத் தொற்றவைத்தவர் அக்கா. கல்லூரிக் காலத்தில், வயலின் இசை என்று நினைத்து யாரிடமோ ஒரு கேசட்டை இரவல் வாங்கி வந்தார். உறையில் வயலின் மாதிரி ஏதோ இருந்தது, கிட்டப் போய்ப் பார்த்தால் கோடரி. அன்றைக்கு வீட்டில் பெற்றோர் போட்ட சத்தத்தில் பாட்டுச் சத்தம் அமுங்கிப்போனது. அக்காவும் தம்பியும் அதிலிருந்து மீளவே இல்லை.

அந்த அக்காவுக்கு இப்போது என்ன வேலை தெரியுமா? காது கிளினிக்கில் செவித்திறன் சோதிப்பது. காலை முழுக்க ஊராரிடம் "சத்தத்தைக் குறைங்க, சத்தத்தைக் குறைங்க" என்று சொன்ன அதே வாய், மாலையில் தம்பி வீட்டுக்கு வந்து "இன்னும் கொஞ்சம் ஏத்துடா" என்கிறது. ஆனால் அவர் விவரமானவர். காதுக்குள் ரப்பர் அடைப்பான்களைச் செருகிக்கொண்டுதான் உட்காருவார். தம்பிக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அது பிரிக்காமலே அலமாரியில் கிடக்கிறது. "ரெயின்கோட்டு போட்டுக்கிட்டு யாராவது குளிப்பாங்களா?" என்பது தம்பியின் கட்சி.

அவர்களுக்குப் பிடித்த குழு புது ஆல்பம் வெளியிட்டால் முதல் தடவை சேர்ந்துதான் கேட்க வேண்டும். தரையில் உட்கார்ந்து சோபாவில் முதுகைச் சாய்த்துக்கொள்வார்கள். போன் கூடாது, பேச்சு கூடாது, பாட்டைத் தாண்டிப் போகக் கூடாது. கடைசிப் பாட்டு முடிந்த பிறகு யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் டீ போட வேண்டும். இதனால் ஆல்பம் முடிந்த பிறகும் இரண்டு பேரும் உம்மென்று சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ சொத்துத் தகராறு என்று பயந்து, தானே டீ போட்டுக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

சமீப காலமாக மெக்கானிக்கிடம் சில புதுப் பழக்கங்கள் தொற்றியிருந்தன. போன் வந்தால் வலது காதுக்கு மாற்றிக்கொள்வார். சமையலறையிலிருந்து மனைவி எதைக் கேட்டாலும் "ம்" என்பார். அந்த "ம்" அவரைப் பல வம்புகளில் மாட்டிவிட்டது. ஜன்னல்களுக்கு ஊதாத் திரைச்சீலை வந்தது அப்படித்தான். மச்சான் குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனதும் அப்படித்தான். "எல்லாரும் இப்பல்லாம் ஏன் முணுமுணுன்னு பேசறீங்க? வயித்துக்குச் சாப்பாடு பத்தலையா?" என்று வீட்டாரையே திருப்பிக் கேட்பார்.

ஸ்குரூடிரைவர் காதில் இருக்கும் நேரமும் கூடிக்கொண்டே போனது. போதாததற்கு இடது உள்ளங்கையை மோட்டாரின் மேல் பரப்பி வைத்துக்கொண்டார். கூட வேலை செய்பவர்கள் அதை அனுபவசாலியின் ஸ்டைல் என்று நினைத்தார்கள். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இடது காதருகே விரல்களை உரசிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. வலது காதில் ஏதோ கொஞ்சம். அன்றிலிருந்து அவருக்குப் பயம். பேரிங் தேய்வது கேட்காத மெக்கானிக்கை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? அதுகூடப் போகட்டும், பாட்டு? சோதித்துப் பார்த்தால் உண்மையாகிவிடும், பார்க்காதவரை ஒன்றுமில்லை என்று மனதுக்குள் ஒரு சமாதானம் செய்து வைத்திருந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்காவிடம் மறைப்பதுதான் பெரும்பாடு. அக்கா பேசும்போது அவர் உதட்டையே தம்பி பார்த்துக்கொண்டிருப்பார். "என்னடா, பல்லுல ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று அக்கா கேட்பார்.

அப்போதுதான் அந்தப் புது ஆல்பம் வந்தது. குழுவின் டிரம்மர் இறந்துபோயிருந்தார், பாடகரின் பள்ளித் தோழர். அதன்பிறகு ரொம்ப நாள் அவர்களிடமிருந்து பேச்சுமூச்சே இல்லை. இனிமேல் அவ்வளவுதான் என்று எல்லோரும் கைகழுவிய நேரத்தில் திடீரென்று ஒரு முழு ஆல்பம், முழுக்க அந்த நண்பனைப் பற்றி. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: கடைசிப் பாட்டில் உடைந்துபோனோம். மெக்கானிக் அதற்கு மேல் எதையும் படிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவை வரச் சொன்னார். கைக்குட்டை இரண்டை எடுத்து வைத்துக்கொண்டார். மனைவி, "நான் மொட்டை மாடியில இருக்கேன். முடிஞ்சதும் சொல்லுங்க, துடைப்பத்தோட வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

ஆல்பம் அடித்து நொறுக்கியது. இரண்டாவது பாட்டிலேயே முதல் கைக்குட்டை நனைந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பது பற்றி ஒரு பாட்டு, இறந்தவனின் போன் எண்ணை அழிக்க முடியாதது பற்றி ஒரு பாட்டு. இறந்தவரின் இடத்தில் புதிதாக ஒருவர் வாசித்த டிரம்ஸ் நெஞ்செலும்பில் வந்து இடித்தது. அவர் தலை தன்பாட்டில் ஆடியது. எவ்வளவு நன்றாகக் கேட்கிறது, குளியலறையில் வீணாகப் பயந்தோம் என்று சந்தோஷப்பட்டார்.

கடைசிப் பாட்டு இடியோடு தொடங்கியது. ஏறியது, இன்னும் ஏறியது, உச்சியில் டிரம்ஸ் சட்டென்று நின்றது. எல்லாம் நின்றது. அவர் காத்திருந்தார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தார். அக்கா அடைப்பான்களைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், கன்னமெல்லாம் ஈரம். சரி, முடிந்துவிட்டது. அடக்க முடியவில்லை அவருக்கு.

"நான் தோத்துட்டேன்க்கா, டீ நானே போடறேன்" என்று எழுந்தே விட்டார். "என்ன மூளை பாரேன்! டிரம்மர் போயிட்டாரு. அதனால டிரம்ஸ் நின்ன எடத்துலயே பாட்டையும் ஆல்பத்தையும் நிறுத்திட்டானுங்க. ஒரு வார்த்தை கிடையாது. இதுக்கு மேல என்னத்தைப் பாடறதுன்னு விட்டுட்டானுங்க. எவ்வளவு பெரிய விஷயம்!"

அக்கா அவரையே பார்த்தார். விரலை மட்டும் நீட்டிக் காட்டினார். பிளேயரில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னும் பாடிக்கிட்டிருக்கான்டா" என்றார்.

மெக்கானிக் அசடு வழியச் சிரித்தார். "சும்மா சொன்னேன். உன்னை டெஸ்ட் பண்ணேன்" என்றார். டெஸ்ட் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மண்டியிட்டு, ஸ்பீக்கரின் துணியில் வலது காதை ஒட்டிவைத்தார். மெல்லியதாய்த் தூரத்தில் ஏதோ இழை. கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை, ஒருவன் கிசுகிசுக்கிறான். என்ன சொல்கிறான் என்பது மட்டும் பிடிபடவில்லை.

"என்னக்கா சொல்றான்?"

"சொல்ல மாட்டேன்."

"ஏய், வெளையாடாதே. பாட்டு வரி நெட்ல போட்டிருப்பாங்க, நான் பார்த்துக்கிறேன்."

"பாரேன். படிச்சுத் தெரிஞ்சுக்கற பாட்டாடா இது?" அக்கா அடைப்பான்களைப் பையில் போட்டுக்கொண்டார். "எத்தனை நாளா இப்படி? என்கிட்டயே மறைச்சிருக்கியே. நாளைக்கு கிளினிக்குக்கு வா. வந்தா, அவன் என்ன சொல்றான்னு பார்க்கலாம்."

"நாளைக்கு ரெண்டு லிஃப்ட் சர்வீஸ் இருக்குக்கா."

"அதுல மாட்டிக்கிட்டு நீயே கத்து. ராகம் பார்க்காம கத்து" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார். அன்றைக்கு யாரும் டீ போடவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் கிளினிக்கில் நின்றார். எந்தச் சத்தமும் நுழையாத சின்ன அறை அது. ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல், அதற்கு வெளியே அக்காவும் மெஷினும். "உங்க அறைக்குக் கதவு சரியா மூடுது. எங்க லிஃப்ட்ல இப்படி மூடினா எனக்கு வேலையே இருக்காது" என்று ஜோக்கடித்துக்கொண்டே உள்ளே போனார். நாற்காலி ஜன்னலுக்குப் பக்கவாட்டில் கிடந்தது. "உன் மூஞ்சியைப் பார்த்தாதான்க்கா எனக்குத் தைரியம்" என்று அதை இழுத்து நேராகப் போட்டுக்கொண்டார். அக்கா ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் பட்டனைக் கொடுத்து, பீப் சத்தம் எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அழுத்த வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்வதையே சொன்னார்.

அவர் அழுத்தினார். பிரமாதமாக அழுத்தினார். அக்கா மெஷினைத் தொடும்போது தோள் லேசாக அசையும், அதைப் பிடித்துக்கொண்டார். தோள் அசைந்தால் பட்டன், தோள் அசைந்தால் பட்டன். வலது காது முடிந்தது, இடது காது முடிந்தது. ஒன்றையும் விடவில்லை. உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார்.

"சூப்பர்டா. எல்லாத்தையும் கேட்டுட்டே."

"நான்தான் சொன்னேன்ல? நீதான் ஊரைக் கூட்டறே."

"கடைசியா கொஞ்ச நேரம் நான் சத்தமே அனுப்பலை. சும்மா தோளை ஆட்டினேன். அதையும் கேட்டுட்டியே, எப்படிடா?"

மெக்கானிக் கையிலிருந்த பட்டனைப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்துபோயின. அக்கா திட்டவில்லை. தம்பி தலையிலிருந்த ஹெட்போனைச் சரிசெய்தார். அப்படியே சின்ன வயதில் செய்வதுபோல் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். "எனக்கும் பயமாத்தான்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவை மூடினார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து மெஷினில் கை வைத்தபோது, மெக்கானிக் எழுந்து நின்றார். அவசரப்படாமல் நாற்காலியைத் தூக்கி, ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி வெறும் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டார்.