தட்டியில் எழுதிய விலை

போன ஞாயிற்றுக்கிழமை என் காரைப் பார்க்க ஒருவர் வந்தார். வாங்க வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்கப் போகிற கம்பெனிக்காக வண்டியைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப வந்தவர். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் டேப்லெட், இன்னொரு கையில் பெயிண்ட் கனத்தை அளக்கிற சின்னக் கருவி. அதைக் கதவு கதவாக ஒற்றி ஒற்றி எடுத்தார். எனக்கே சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பது போலக் கூச்சமாக இருந்தது.

"சார், லெஃப்ட் டோர் ரீபெயின்ட் பண்ணிருக்கு."

"ஆமாங்க, ஆட்டோ ஒண்ணு ஒரசிடுச்சு."

"அதுக்குக் கொறையும் சார். அப்புறம் இப்ப புது வண்டிக்கே வரிய கொறச்சிட்டாங்க. புதுசே எறங்கிப்போச்சு, பழச யார் சார் வாங்குவா?"

வெள்ளிக்கிழமை போனில் ஒரு விலை சொன்ன கம்பெனி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அதில் கால்வாசியைத் தின்றுவிட்டிருந்தது. மகனுக்கு ஹாஸ்டல் பணம் கட்டவேண்டும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவரைத் திட்டி என்ன செய்வது? விலை சொல்வது இவர்கூட இல்லையாம், டேப்லெட்டுக்குள்ளிருந்து தானாக வருமாம். முகம் இருந்தால் அதில் காறித் துப்பலாம். டேப்லெட்டில் துப்பினால் அதற்கும் பிடித்தம் போடுவார்கள்.

கடைசியாக உள்ளே உட்கார்ந்து, டிரைவர் தலைக்கு மேலே மடக்கி வைத்திருக்கும் வெயில் மறைப்பை இறக்கினார். அதைத் தருமபுரியில் எங்கள் தொழிலில் தட்டி என்போம். இறக்கியவர் முகம் சுளித்தார்.

"சார், இங்க பேனால யாரோ கிறுக்கி வச்சிருக்காங்க. இன்டீரியர் ஸ்டெயின்னு போடணும்."

கிறுக்கியது நான்தான். அது கிறுக்கல் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? உங்களுக்குச் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் சேலம் ரோட்டில் ஒரு பழைய கார் யார்டில் பேப்பர் பார்க்கிற ஆளாக இருந்தேன். ஆர்.சி. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், லோன் பாக்கி இல்லை என்கிற கடிதம், இதெல்லாம் என் பொறுப்பு. முதலாளி ரஷீத் பாய்க்கும் எனக்கும் ஒரே வயது. நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை ஏம்ப்பா என்பார். தகரக் கூரை, முன்னால் சரளை கொட்டிய திடல், அதில் இருபது இருபத்தைந்து வண்டி வெயிலில் வெந்துகொண்டிருக்கும். கதவைத் திறந்தால் சூடேறிய ரெக்சின் வாசனை குப்பென்று முகத்தில் அடிக்கும். அதை மறைக்க மல்லிகை வாசனைப் புட்டி ஒன்றை ஒட்டிவைப்போம். இரண்டும் சேர்ந்து ஒரு நாற்றம் வரும் பாருங்கள், இன்றைக்கும் மல்லிகை என்றால் எனக்குக் குமட்டும்.

பழைய கார் வியாபாரத்தைப் புனிதமாக்கிப் பேசமாட்டேன். சொல்வதெல்லாம் பொய். எந்த வண்டியைக் கேட்டாலும் "டாக்டர் வண்டிங்க, சிங்கிள் ஓனர்" என்பார்கள். நாங்கள் விற்ற டாக்டர் வண்டிகளுக்கெல்லாம் டாக்டர் இருந்திருந்தால் இந்த ஜில்லாவில் ஒருவருக்கும் சளிகூடப் பிடித்திருக்காது. தேய்ந்த டயருக்குக் கருப்பு அடிப்போம். சத்தம் போடும் எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் ஊற்றுவோம். ரஷீத் பாயும் இதையெல்லாம் செய்தவர்தான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விட்டு வந்து அதே கையால் டயருக்குக் கருப்பு அடிக்கச் சொல்வார். கேட்டால், "டயரப் பார்த்து வாங்கறவன் ஏமாந்தாதான்ப்பா புத்தி வரும்" என்பார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் அசையமாட்டார். வண்டி விற்றுச் சாவி கொடுக்கும்போது டிரைவர் பக்கத் தட்டியை இறக்கி, பால்பாயின்ட் பேனாவால் ஒரு எண் எழுதுவார். பக்கத்தில் தேதி. கீழே உருதுவில் ஒரு கையெழுத்து. மூன்று வருடத்துக்குள் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தால், ஊர் விலை என்னவாக இருந்தாலும் அந்த எண்ணுக்கு அவர் எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

"பேப்பர்ல எழுதிக் குடுக்கலாமே பாய்" என்று நான் ஒருமுறை கேட்டேன். பேப்பர் பார்க்கிறவன் புத்தி அப்படித்தானே போகும்.

"பேப்பர பீரோல வச்சிட்டு மறந்துடுவான். இது வண்டி கூடவே போவும். வெயில் அடிக்கறப்பல்லாம் என் ஞாபகம் வரும்ல?" என்றார்.

அந்த எழுத்தை நம்பித்தான் சனங்கள் வந்தார்கள். மொரப்பூரிலிருந்தும் பொம்மிடியிலிருந்தும் பஸ்ஸேறி வந்து, ஓட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். பழைய வண்டி விலை வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிற காலம்வரை பாய் கணக்கு தவறவில்லை. அப்புறம் டீசலுக்குக் கேடு வந்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் சுருங்கியது. தில்லியில் பழைய டீசல் வண்டி ஓடக்கூடாதாம் என்று ஒரு செய்தி. தில்லி எங்கே, தருமபுரி எங்கே? ஆனாலும் டீக்கடையில் அதைப் படித்தவனெல்லாம் ஆட்டோமொபைல் இன்ஜினியர் ஆகிவிட்டான். டீசல் வண்டியைத் தொட ஆளில்லை. யார்டில் இருந்ததில் முக்கால்வாசி டீசல். எனக்கு இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இண்டூர் மாதையன் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வந்தார். விவசாயி. எங்களிடம் ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி வாங்கி, ஒகேனக்கல்லுக்கு வாடகை ஓட்டிக்கொண்டிருந்தவர்.

"சார், தென்னம்புள்ளைங்க எல்லாம் காயுதுங்க. போர் போடலாம்னு இருக்கறேன். அடுத்த வாரம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வருதுங்க. வந்ததும் இத பாய்கிட்டயே குடுத்துட்டு, அந்தத் துட்ட வச்சிதான் போரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வண்டியைத் தண்ணீர் அடித்து வைக்கச் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டுத் தாலுகா கச்சேரிப் பக்கம் போனார்.

நான் தட்டியை இறக்கிப் பார்த்தேன். மூன்று லட்சம். வெளியே அந்த வண்டி இரண்டுகூடப் பெறாது. கெடு முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

என்ன நினைத்தேன் என்று ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பாயைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். என் சம்பளத்தையும் நினைத்தேன். எது முதலில் வந்தது என்று இவ்வளவு வருடம் யோசித்தும் எனக்கு நல்லபடியாக ஒரு பதில் கிடைக்கவில்லை. பாட்டிலில் இருந்த பெட்ரோலைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரம் மாதையன் வந்தார். காலில் காட்டு மண் அப்படியே இருந்தது.

"பாய், ரிக்கு காட்டுல வந்து நிக்குதுங்க. முன்பணம் குடுத்தாதான் எறக்குவேங்கறான். வண்டிய எடுத்துக்குங்க."

"அதுக்கென்ன, எடுத்துட்டா போச்சு" என்று பாய் தட்டியை இறக்கினார். ஒன்றும் இல்லை.

மாதையன் கத்துவார், என்னை ஒரு பார்வை பார்ப்பார் என்று தயாராக நின்றிருந்தேன். அவர் அந்தப் பக்கத் தட்டியை இறக்கிப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம். பின்சீட்டில்கூடத் தலையை விட்டுத் தேடினார். அப்புறம் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

"ஏய், வண்டிய தொடக்கிறேன்னு அந்த எழுத்தயும் தொடச்சிட்டியா? ... பொய் சொல்லாத. உன்ன யாரு அதுல கைய வெக்கச் சொன்னது? போரும் போச்சு, எல்லாம் போச்சு, போ!"

அந்த அம்மாள் அழுவது எனக்குக் கேட்டது. மூன்றடி தூரத்தில் இன்சூரன்ஸ் ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். 'நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. என் மேல் எனக்கு வந்த அருவருப்பு அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை.

பாய் குனிந்து தட்டியில் மூக்கை வைத்தார். நிமிர்ந்தார்.

"வூட்டுல திட்டாதீங்க. மை மங்கிப் போயிருக்கும், வெயிலுக்கு. எவ்ளோ எழுதுனேன், சொல்லுங்க?"

மாதையன் தடுமாறினார். "ரெண்டு எம்பதுன்னு நெனவுங்க."

"இல்ல, மூணு" என்றார் பாய்.

அன்றே கொடுத்தார். எங்கே புரட்டினார் என்று நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதையும் இல்லை. மாதையன் பஸ்ஸேறிப் போன பிறகு, பாய் தன் நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பெட்ரோலா, தின்னரா?"

"பெட்ரோல், பாய்."

"ம்" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்து விற்ற வண்டியிலிருந்து பேனாவை என் கையில் கொடுத்துவிட்டார். "இனிமே நீ எழுது. கையெழுத்த நான் போடறேன்." ஏழு வருடம் நான்தான் எழுதினேன். பிறகு நான் வேலையை விட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகி, அவரிடமே இந்தக் காரை வாங்கியபோதும், "உன் வண்டின்னா மட்டும் சும்மாவா, எழுது" என்று பேனாவை நீட்டினார். எழுதினேன். நாலு லட்சம்.

போன வருடம் புது வண்டிக்கு வரி குறைத்தார்கள். செய்தித்தாளில் குடும்பம் குடும்பமாகச் சிரிக்கிற விளம்பரம். புதுசு இறங்கிய வேகத்தில், பாய் பழைய விலைக்கு வாங்கி நிறுத்தியிருந்த வண்டிகள் எல்லாம் பழைய இரும்பு கணக்காய் நின்றன. தட்டியை நம்பினவர்கள் வரிசையாக வந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, எழுதியிருந்ததே. பக்கத்து யார்டுக்காரர்கள் இரவோடு இரவாக போர்டைக் கழற்றிவிட்டுப் போனை அணைத்துக்கொண்டார்கள். பாய் போனை அணைக்கவில்லை. யார்டு போயிற்று. யார்டு போன பிறகும் மூன்று பேர் வீட்டுக்கே வண்டியைக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது ஆளுக்குக் கொடுத்தபோது வீடும் போயிற்று. இப்போது பொம்மிடியில் மகள் வீட்டில் இருக்கிறார். யார்டு இருந்த இடத்தில் மின்சார ஸ்கூட்டர் கடை வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்கூட்டரை இரண்டு வருடம் கழித்து விற்கப் போனால் என்ன தருவீர்கள் என்று அங்கே ஒருநாள் கேட்டேன். விற்பனைப் பெண் கெட்ட வார்த்தை கேட்டது போல என்னைப் பார்த்தது.

இதெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்க, டேப்லெட்காரர் ஸ்டெயினைப் படம் எடுக்கத் தயாரானார். அப்போது என் போன் அடித்தது. பாய். வண்டியை விற்கப் போவதை நாலு ரோடு மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தேன், அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கமாட்டார்.

"என்னாப்பா, வண்டிய யாருக்கோ குடுக்கறியாமே?"

"ஆமா பாய், சும்மா வெல கேட்டேன்."

"நான் ஒருத்தன் இருக்கறது தெரியலியா? மூணு வருசம் இன்னும் ஆவல. தட்டிய எறக்கு. எவ்ளோ போட்டிருக்குன்னு படி."

எழுதியிருந்தது நாலு. டேப்லெட் சொன்னது இரண்டே முக்கால். நான் படித்துக் காட்டினால் போதும், கொடுத்துவிடுவார். அவரிடம் விற்க இனி என்ன மிச்சம் என்றும் எனக்குத் தெரியும். மகள் கழுத்தில் கிடப்பதுதான்.

"ஒரு நிமிசம் பாய்" என்றேன். கதவு இடுக்கில், நான் வாங்கும்போதே கிடந்த, கொரோனா காலத்துச் சானிடைசர் பாட்டில் இருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கைக்குட்டையில் ஊற்றித் துடைத்தேன். என் எழுத்து சுலபமாகப் போயிற்று. அவர் கையெழுத்துக்குத்தான் அழுத்தித் தேய்க்கவேண்டி இருந்தது.

"பாய், ஒண்ணும் இல்லியே. என் வண்டிக்கு எழுத மறந்துட்டோம்போல."

அந்தப் பக்கம் ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பெட்ரோலா, தின்னரா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சானிடைசர் பாய்."

"யாரக் கேட்டுடா அழிச்ச?"

இத்தனை வருடத்தில் அவர் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை. நான் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

டேப்லெட்காரர் தட்டியை எட்டிப் பார்த்து, படம் எடுத்து, எதையோ தட்டினார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு சந்தோஷம்.

"சூப்பர் சார், கறை சுத்தமாப் போயிடுச்சு. அதுக்கு ஆயிரத்தைந்நூறு ஏறிருக்கு பாருங்க."