எட்டில் இரண்டு பாக்கி

மந்தைவெளி சுப்பராமனுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று கிரிக்கெட். ஆடுவது அல்ல, ஸ்கோர் எழுதுவது. வார நாட்களில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபைலோடு மாரடித்தவர், சனி ஞாயிறு வந்தால் லீக் மேட்ச்களுக்கு ஸ்கோரராக உட்கார்ந்துவிடுவார். முப்பத்தெட்டு வருஷம் அப்படி. எடுக்காத ரன்னை எழுதியதில்லை என்பதில் அவருக்கு அலாதிப் பெருமை. மச்சினன் பையன் நாற்பத்தொன்பதில் அவுட்டானபோது, காலில் பட்டு வந்த ஒரு ரன்னைப் பையன் பேரில் சேர்த்துவிடச் சொல்லி மச்சினன் கெஞ்சினார். இவர் மசியவில்லை. மச்சினன் அந்தத் தீபாவளிக்கு வீட்டுப் படி ஏறவில்லை.

இன்னொன்று கச்சேரி. அது மனைவி வழியாக வந்தது. சூடாமணி வீட்டுக் கூடத்திலேயே பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவள். மயிலாப்பூர் சபாக்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு இவருக்கும் தொற்றிக்கொண்டது. கேட்பதோடு நின்றிருந்தால் தேவலை. தொடையில் தாளமும் போடுவார், பலமாக.

ஓவருக்கு ஆறு பந்து எண்ணியே பழகிய கை அது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை என்று எத்தனை தடவை சொன்னாலும் ஆறில் முடித்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிடும். சூடாமணி மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, அவர் தொடையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். “இன்னும் ரெண்டு பந்து பாக்கி இருக்குன்னா” என்பாள். கல்யாணமான புதிதில்தான் அந்தப் பேச்செல்லாம். போகப் போகப் பேச்சு நின்று தட்டு மட்டும் மிஞ்சியது.

இப்போது அவளுக்கு எழுபத்தொன்று. மறதி நோய் வந்து நாலு வருஷம். முதலில் மாணவிகளின் பெயர்கள் போயின, பிறகு பாட்டுகள், பிறகு மகள் ஷ்ரேயா, கடைசியில் அவர். ஒரு சாயங்காலம், கட்டிலருகே உட்கார்ந்திருந்தவரிடம் மிக மரியாதையாகச் சொன்னாள்: “எங்காத்துக்காரர் மேட்ச்சுக்குப் போயிருக்கார். வர்ற நேரம். நீங்க கெளம்புங்கோ.” அவர் எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். பாவம், வேறு என்ன செய்வார்? திரும்பி வந்தவரையும் அவளுக்குத் தெரியவில்லை.

அம்மாவை அடையாறில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று புனேயிலிருந்து ஷ்ரேயா சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்கும் எழுபத்தாறு ஆகிறதே என்ற கவலை அவளுக்கு. அவர் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. தினமும் சாயங்காலம் செல்போனில் ஒரு கீர்த்தனை வைத்து, சூடாமணி பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவார். ஆறில் நிற்பார். அவள் கை மெல்ல ஊர்ந்து வந்து அவர் தொடையில் இரண்டு தட்டும். யாரென்றே தெரியாத மனுஷனின் தப்பு மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

“என்னைத் தெரியலேன்னு யார் சொன்னா? என் தப்பு தெரியறதே” என்றார் மகளிடம். “இது நிக்கற அன்னிக்கு நீ சொன்னபடி கேக்கறேன்.”

அன்றிலிருந்து பழைய ஸ்கோர் நோட்டில், சூடாமணி தட்டிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போட்டார். ஷ்ரேயாவும் தினம் ஏழு மணிக்குக் கூப்பிட்டு, அம்மா தட்டினாளா என்று மட்டும் கேட்பாள். அவர் சொன்னால் மறு கேள்வி கிடையாது.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பாட்டு ஆரம்பித்தது. ஆறில் நின்றார். கை வரவில்லை. மறுபடி ஆறு. மறுபடியும். எட்டு மாதமாகப் பகலில் சூடாமணியைப் பார்த்துக்கொள்ளும் அமீனா பீ, மடித்துக்கொண்டிருந்த போர்வையை அப்படியே விட்டுவிட்டு அருகில் வந்தாள். அவளுக்கும் இந்தக் கணக்கு தெரியும். சூடாமணியின் கையை எடுத்து அவர் தொடைமேல் வைக்கப் போனாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். பாட்டு முடிந்தது. இன்னொரு முறை வைத்தார். சூடாமணி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா இன்னிக்கு அசதியா கீறாங்க சார். நாளைக்குத் தட்டுவாங்க. இன்னிக்கும் தட்டுனதா எழுதிக்குங்க” என்றாள் அமீனா பீ.

எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? நோட்டைப் பிரித்தார், பேனாவையும் திறந்தார். ஆனால் அந்தக் கைக்கு அந்த ஒரு வேலை மட்டும் வரவே இல்லை. மூடி வைத்துவிட்டு மூன்றாம் முறை பாட்டை வைத்தார். ஆறு வந்தது. நிற்காமல் ஏழும் எட்டும் போட்டு, அதற்கப்புறம் ஒன்றுக்குத் திரும்பினார். பாட்டு முடியும்வரை ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவருக்குக் கண் நிறைந்து கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. ஷ்ரேயா வழக்கம்போலக் கேட்டாள்.

“இல்லடி” என்றார். “இன்னிக்கு எட்டையும் நானே சரியா போட்டுட்டேன்.”