வெள்ளிக்கிழமை விருந்தாளி

பழைய தரவுத்தளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவது வீடு மாறுவது போலத்தான். கட்டில், அலுமாரி எல்லாம் பத்திரமாக வந்து இறங்கும், தேத்தண்ணி போடக் கேத்தலைத் தேடினால் மட்டும் கிடைக்காது. இதே தொழிலில் மாட்டுப்பட்டு முழிக்கும் அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த முறை எனக்கு வாய்த்த இடம் ஹேர்னிங் என்ற டேனிஷ் நகரம். தனியாக வாழும் முதியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம். மாற்றம் முடிந்த பிறகு தலைகாட்டும் பிழைகளைத் திருத்துவது என் வேலை. வாடிக்கையாளர்களில் ஒருவர் எனக்கு நன்றாகத் தெரிந்த மகாலிங்கம் அங்கிள். மனைவி காலமான பிறகு ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார். தூரத்து டோஸ்ட்ருப் நகரில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடும்படி ஓயாமல் நச்சரிக்கிறாள். இவருக்கோ சீட்டாட்டச் சிநேகிதர்களையும் பழகிய ஊரையும் விட்டுப் போக மனமில்லை. “எனக்குச் சாப்பாடு நேரத்துக்கு வருது” என்ற ஒரே நியாயத்தை வைத்துத்தான் மகளைச் சமாளித்து வந்தார். அந்த நியாயம் இப்போது என் கையில்.

ஃபாக்ஸ் இலக்கத்தில் நாய்

முதல் திங்கட்கிழமையே ஒரு சாரதி கிழிந்த காற்சட்டையோடு திரும்பி வந்தார். எந்த வீட்டில் கடிநாய், எந்த வீட்டில் பின்கதவால் போகவேண்டும் என்ற குறிப்பெல்லாம் பழைய மென்பொருளில் இருந்ததாம். நான் தேடோ தேடென்று தேடினேன். கடைசியில் பார்த்தால், அலுவலகத்தில் விபரங்களைப் பதிகிற கியர்ஸ்டன் அவற்றை ஃபாக்ஸ் இலக்கத்துக்கான கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஃபாக்ஸ் கட்டத்தில் எழுத்து இருக்கக்கூடாது என்று புதிய மென்பொருள் அவ்வளவையும் துடைத்து எறிந்துவிட்டது.

பழைய பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுப் புதிதாக ஒரு கட்டத்தில் போட்டேன். “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டதற்குக் கியர்ஸ்டன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எங்கள் ஆட்கள் ஒருவரிடமும் ஃபாக்ஸ் இல்லை. நாய் இருக்கிறதே.”

தினமும் பிறந்தநாள்

புதிய மென்பொருளுக்கு ஒரு நல்ல குணம். பிறந்தநாள்காரருக்கு ஒரு துண்டு கேக்கும், அதில் குத்த ஒரு குட்டி டேனிஷ் கொடியும் அனுப்பச் சொல்லும். ஆனால் பெண்களிடம் வயது கேட்பது மரியாதையில்லை என்று கியர்ஸ்டன் பலருடைய பிறந்த தேதியைப் பதியவே இல்லை. வெறுமையாக இருந்த இடத்தில் மென்பொருள் அன்றன்றைய தேதியைத் தானாகவே போட்டுக்கொண்டது. செவ்வாயும் கேக், புதனும் கேக், வியாழனும் கேக். சமையற்கட்டில் கொடி முடிந்துபோய்க் கடைக்கு ஆள் ஓடியது.

பிழையைப் பிடித்த கையோடு ஒரு பாட்டியம்மாவிடமிருந்து தொலைபேசி. திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். “எனக்குப் பிறந்தநாள் மே மாதத்தில். ஆனால் நாளைக்கு என் தங்கை வருகிறாள், திருத்துவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.”

ஒன்றாகிப் போன இருவர்

அந்த வெள்ளி மத்தியானம் மகாலிங்கம் அங்கிளே தொலைபேசியில் கூப்பிட்டார். “பிள்ளை, இண்டைக்கு வெள்ளியெல்லோ? பெட்டியைத் திறந்தால் பண்டியிறைச்சி!” டேனிஷ்காரர் உயிரை விடுகிற ஃப்ரிக்கடெல்லர் என்ற பன்றியிறைச்சி உருண்டைகள். மற்ற நாட்களில் அங்கிளும் அவற்றை ருசித்துச் சாப்பிடுகிறவர்தான். வெள்ளி மட்டும் மரக்கறி. என் வீட்டிலும் அப்படித்தான் என்பதால் உடனே கியர்ஸ்டனிடம் ஓடினேன்.

விசாரித்தால், கியர்ஸ்டன் பழைய மென்பொருளில் அவரை இரண்டு ஆளாகப் பதிந்து வைத்திருந்தார். இறைச்சி சாப்பிடும் மகாலிங்கம் ஒருவர், வெள்ளிக்கு மரக்கறி சாப்பிடும் மகாலிங்கம் இன்னொருவர். புதிய மென்பொருள் இருவரும் ஒருவரே என்று கண்டுபிடித்து, மரக்கறிக்காரரை அழித்துவிட்டது. சற்று நேரத்தில் டோஸ்ட்ருப்பிலிருந்து மகள் கூப்பிட்டாள். குரலில் கோபத்தை விடக் கவலைதான் கூட இருந்தது. “அக்கா, அப்பா ஒரு வாழைப்பழத்தோடை கிடக்கிறார். வாற வெள்ளியும் இப்பிடியெண்டால், சனிக்கிழமை காரோடை வந்து ஆளையும் சாமானையும் ஏத்திக்கொண்டு போயிடுவன்.”

வெளியூர்ப் பயணம்

அடுத்த வெள்ளிக்குள் நான் ஒரு வழி கண்டாகவேண்டும். புதிய மென்பொருளில் ஒருவருக்கு ஒரு சாப்பாட்டு வகைதான் போடலாம். நாளுக்கு நாள் மாற்ற முடியாது. ஒரே பெயரில் ஒரே கதவுக்கு இன்னொரு மகாலிங்கத்தைப் பதியவும் விடாது. மென்பொருள் செய்தவர்களைக் கேட்டால், அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்று இனிமையாகச் சொல்லிவிட்டார்கள். வாரம் முழுக்க மரக்கறி போடட்டுமா என்று அங்கிளைக் கேட்டேன். “அதுக்கு நான் மகளிட்டையே போகலாமே, அவள் ஞாயிறிலை ஆட்டிறைச்சியாவது காய்ச்சுவாள்” என்றுவிட்டார்.

வியாழன் பின்னேரம், நானும் கியர்ஸ்டனும் கோப்பி குடித்தபடி திரையை மேய்ந்துகொண்டிருந்தபோது இரண்டு பொத்தான்கள் கண்ணில் பட்டன. ஒன்று, அன்றைய சாப்பாட்டை நிறுத்தும் ‘வாடிக்கையாளர் வெளியூரில்’. மற்றது, கூடுதலாக ஒரு சாப்பாடு அனுப்பும் ‘வீட்டுக்கு விருந்தாளி’. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். வெள்ளிதோறும் மகாலிங்கம் அங்கிள் வெளியூர் போகிறார் என்று முதலில் பதிந்தோம். வெள்ளிதோறும் அவர் வீட்டுக்கு மரக்கறி மட்டும் சாப்பிடும் விருந்தாளி ஒருவர் வருகிறார் என்று அடுத்துப் பதிந்தோம். மென்பொருள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். மத்தியானம் அது அடித்தது. “பிள்ளை, மரக்கறி வந்திட்டுது. பெட்டியிலை ‘மகாலிங்கம் வீட்டு விருந்தாளி’ எண்டு கிடக்குது. மகளுக்கும் சொல்லிப்போட்டன், வெள்ளியிலை எனக்கு விருந்தாளி வாறவர், வீட்டை விட்டுட்டு அங்கை வரேலாது எண்டு.”

ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று நின்ற ஒரு மனிதரை ஊரிலேயே இருத்தி வைக்க, வெள்ளிதோறும் கணினியில் அவரை வெளியூருக்கு அனுப்புவதுதான், அன்பர்களே, நான் இதுவரை செய்ததிலேயே திறமான பிழைதிருத்தம்.