முதல் பிடி வைக்கோல்

மலையாளம் புழங்கும் கரமனையில் எங்கள் வீட்டுக்குப் பின்புறமே பட்டறை. மாட்டுக்கு வைக்கோல் நறுக்கும் மெஷின் செய்கிற குடும்பம் நாங்கள். 'மூன்று தலைமுறைக் கைவண்ணம்' என்று நோட்டீஸில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்தக் கைகளை ஆபீஸ் சுவரில் தொங்கிய போட்டோக்களில் நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். கொள்ளுத்தாத்தாவுக்கு எட்டு விரல், தாத்தாவுக்கு ஒன்பது, பெரியப்பாவுக்கும் ஒன்பது. புது மாடல் எது வந்தாலும் முதல் பிடி வைக்கோலை வீட்டுத் தலைவர்தான் ஊட்டவேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

பெரியப்பா படுக்கையில் விழுந்ததும் அந்த முறை அப்பாவுக்கு வந்தது. எனக்கு எட்டு வயது. அப்பாவுக்குப் பத்து விரலும் இருந்தன. போட்டோக்காரரை வரச் சொல்லியாயிற்று என்று கேட்டதும் ஆபீஸுக்கு அப்பாவிடம் ஓடினேன். சுவரிலிருந்து அந்த மூவரும் அப்பாவின் கையையே பார்ப்பதாகத் தோன்றியது. "வேண்டாம்ப்பா" என்று அழுதேன்.

"ஒண்ணும் ஆகாது மோளே, நீ உள்ள போ" என்று சிரித்தார்.

நானா போவேன்? மோட்டார் உறுமியது. அப்பா குனிந்து வைக்கோலைத் திணித்தார். பாதியில் அது மெஷினின் வாயில் சிக்கிக்கொண்டது. அதை இழுக்க அவர் கை போவதைப் பார்த்தேன். கதவோரம் இருந்த மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்துவிட்டேன். சத்தம் அடங்கியது.

"போச்சு, கரண்டு போயி" என்றார் யாரோ.

கரண்டை நிறுத்தினாலும் சக்கரம் உடனே நிற்காது என்று எனக்கென்ன தெரியும்? புது மாடலில் மூடி வேறு போட்டிருந்தார்கள். பழைய மெஷின் மாதிரி அது கடகடக்கவும் இல்லை. உள்ளே கத்தி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீங்க தள்ளி நில்லுங்க மொதலாளி, நான் எடுக்கேன்" என்று மெஷின் பூட்டுகிற எங்கள் பிட்டர், நாகர்கோவில் அண்ணாச்சி, கையை விட்டார். அவர் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

அன்றைக்கு அப்பா சோறு பிசையும்போது எண்ணினேன். பத்து. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி கையில் கட்டோடு பட்டறைக்கு வந்தார். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

"நல்லவேள பாப்பா, அப்பா கைக்கு ஒண்ணும் ஆவல, என்ன?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன், மனதாரச் சிரித்துக்கொண்டு.

 அவர் மெதுவாகத் திரும்பி, அன்று நான் நின்றிருந்த கதவோர சுவிட்சைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.  எதற்கு இப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. காபி கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.