இரண்டு துண்டாகக் கொண்டுபோன சிலுவை

அக்டோபர் 31, அதிகாலை 3.40. போர்ட் பிளேர், மோகன்புரா பேருந்து நிலையம். ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். கண்டக்டர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார். மாயாபந்தருக்கு டிக்கெட் 320 ரூபாய், தூரம் சுமார் 240 கிலோமீட்டர். இந்த ஊரில் லம்பா லைனில் பதினொரு வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வடக்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. இப்போதும் ஊர் பார்க்கப் போகவில்லை.

மாயாபந்தரில் என் தங்கை ஜெசிந்தா இருக்கிறாள். அவள் புருஷன் மரியதாசன் ஆகஸ்டில் படகிலேயே நெஞ்சு வலித்து இறந்தான். மண் சரிந்து ரோடு மூடிக்கிடந்ததால் அடக்கத்துக்கு நான் போய்ச் சேரவில்லை. கல்லறையில் ஒரு மரச்சிலுவை நட்டிருந்தார்கள். செப்டம்பரில் ஒரு காலை அது பெயர்ந்து கீழே கிடந்திருக்கிறது. "மழையா மனுசனா தெரியலண்ணே" என்று தங்கை போனில் சொன்னாள். "நீ இரும்புல ஒண்ணு அடிச்சுக் கொண்டா. கல்லறைத் திருநாளுக்குள்ள நட்டிரணும்." கல்லறைத் திருநாள் நவம்பர் 2. அன்றைக்குக் கல்லறைகளைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றுவோம், பங்குச் சாமியார் வந்து மந்திரிப்பார். அன்று மொட்டையாகக் கிடக்கிற கல்லறை அநாதைக் கல்லறை.

அடித்தேன். இரண்டு அங்குலச் சதுரக் குழாய், உயரம் நாலரை அடி, கை இரண்டரை அடி, மொத்தம் பதினோரு கிலோ. ஆனால் கையை உடம்போடு சேர்த்து வெல்டு வைக்கவில்லை. இரண்டிலும் ஓட்டை போட்டு, போல்ட்டை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டேன். துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து, இரண்டையும் சேர்த்துச் சாக்கில் சுற்றினேன். பார்த்தால் கேட்டுக்கு உதிரிக் குழாய் மாதிரி இருக்கும். அப்படி இருக்கட்டும் என்றுதான் செய்தேன்.

காரணத்தை மறைக்க ஒன்றுமில்லை. என் முழுப்பெயர் அருள் சேவியர். பட்டறையில் நான் அருள் மட்டும். அருள் என்றால் யாரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். ஆயுத பூஜைக்கு வெல்டிங் மிஷினுக்குப் பொட்டு வைப்பேன், திருநீறு நீட்டினால் நெற்றியைக் காட்டுவேன். யாரும் என்னை அடித்ததில்லை, மிரட்டியதில்லை. ஆனால் வேலை கொடுக்கிறவர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் வாரத்துக்கு ஒரு வீடியோ வரும். எங்கோ மெயின்லேண்டில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குள் ஆட்கள் நுழைகிறார்கள், ஒருவரைக் காலரைப் பிடித்து இழுக்கிறார்கள். கீழே கைதட்டுகிற படங்கள் வரிசையாக வரும். கைதட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் கேட் செய்து கொடுத்திருக்கிறேன். "சாட்சியாக வாழுங்கள்" என்று பிரசங்க மைக்கில் சொல்கிறவர்கள் அந்தக் குரூப்பில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

4.10. பஸ் புறப்படும் நேரம் சங்கரலிங்கம் அண்ணாச்சி ஏறினார். சாக்கைக் காலால் உள்ளே தள்ளினேன். திருநெல்வேலிக்காரர், காண்ட்ராக்டர், என் வேலையில் முக்கால்வாசி அவர் கொடுப்பது. அந்தக் குரூப்பை ஆரம்பித்தவரும் அவர்தான். வழியில் உள்ள ரங்கத் ஊரில் சைட் பார்க்கப் போகிறாராம். நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னடே அருளு, காலுக்கடியில என்ன சாக்கு?"

"கேட் வேல அண்ணாச்சி. மாயாபந்தர்ல ஒரு பார்ட்டி."

"எனக்குத் தெரியாம மாயாபந்தர்ல எவன்டே பார்ட்டி?"

"ஒரு பெங்காலி. கோழிப்பண்ணை வச்சிருக்கான்."

"எத்தன அடி கேட்டு?"

"பத்தடி."

"பத்தடி கேட்டுக்கு இந்த ரெண்டு பைப்பு போதுமா?"

"மிச்சம் முன்னாடியே போயிட்டு அண்ணாச்சி."

அவர் தூங்கிப்போனார். எனக்கு எங்கே தூக்கம் வரும்? வாயைத் திறந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பெங்காலி, ஒரு கோழிப்பண்ணை, ஒரு பத்தடி கேட். எல்லாம் இரண்டு குழாய்க்காக.

5.30. ஜிர்காட்டாங். இங்கிருந்து ஜாரவா மக்களின் காடு தொடங்குகிறது. வண்டிகளை நிறுத்திவைத்து, ஆறு மணிக்கு வரிசையாக போலீஸ் காவலோடு அனுப்புவார்கள். வழியில் நிறுத்தக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, சாப்பாடு கொடுக்கக்கூடாது. எல்லாம் சரியான சட்டம். டீக்கடையில் பூரியும் டீயும் 50 ரூபாய். நான் டீ மட்டும் குடித்தேன்.

ஒரு போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி அடையாள அட்டை கேட்டபடி வந்தார். இதைத்தான் நான் நினைக்காமல் விட்டேன். ஆதார் அட்டையில் முழுப்பெயர் இருக்கிறது. அண்ணாச்சி பக்கத்தில் கண் விழித்து உட்கார்ந்திருக்கிறார். பெயர் மேல் கட்டை விரலை வைத்து மறைத்து நீட்டினேன். போலீஸ்காரர் அட்டையைச் சரியாகப் பார்க்கவில்லை, சாக்கைத்தான் பார்த்தார். லத்தியால் தட்டினார். டங்கென்று சத்தம்.

"யே க்யா ஹை?" இது என்ன என்கிறார்.

காட்டுக்குள் மதம் பரப்பப் போகிறவன் என்று நினைத்துவிட்டால்? சாக்கை அவிழ்த்து, இரண்டு குழாயையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டால்? பைக்குள் லுங்கியில் சுற்றி மரியதாசனின் பெயர்த் தகடு வேறு இருக்கிறது.

அண்ணாச்சிதான் பதில் சொன்னார். "கேட் கா சாமான் ஹை சாப். ஹமாரா ஆத்மி ஹை."

நம்ம ஆள். அந்த ஒரு சொல்லில் போலீஸ்காரர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

"இப்பம்லாம் செக் பண்ணத்தான் செய்வான்," என்றார் அண்ணாச்சி. "எவனாவது பைபிளத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிட்டா யாரு பதில் சொல்லுகது?" சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

காட்டு ரோடு ஒன்றரை மணி நேரம். இரண்டு பக்கமும் வானத்தை மறைக்கிற மரம். டூரிஸ்டுகள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அந்த மக்களைத் தேடினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. தன் பாட்டுக்கு இருக்கிற மனிதரை எதற்கு இப்படித் துழாவுகிறார்கள்? நான் யாரையும் தேடவில்லை. சாக்கின் மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மச்சானுடைய சிலுவை மேல் செருப்புக் கால். இதையும் எழுதத்தான் வேண்டும்.

8.15. மிடில் ஸ்ட்ரெய்ட். பஸ்ஸையே படகில் ஏற்றி அக்கரை கொண்டுபோகிறார்கள், கால் மணி நேரம். தண்ணீர் கரும்பச்சை. கரையெல்லாம் சதுப்பு மரங்கள். முதலை உண்டு என்று பலகை வைத்திருக்கிறார்கள். சாக்கைத் தண்ணீரில் தள்ளிவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரே ஒரு நிமிடம்.

11.20. ரங்கத். அண்ணாச்சி இறங்கினார். "அந்தப் பெங்காலி நம்பர அனுப்புடே. அடுத்த வேலய நான் பேசி எடுத்துத் தாரேன்." அனுப்புகிறேன் என்றேன். இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுரு மூன்று தடவையோடு நிறுத்தினார். நான் எண்ணவில்லை.

மாலை 3.00. மாயாபந்தர். கடலுக்குள் நீட்டிய மேட்டில் ஊர். ஒரு பஜார், ஒரு ஜெட்டி, சில ஆபீஸ்கள், இரண்டு பக்கமும் தண்ணீர். பஜாரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் ஜெசிந்தா வீடு. வாசல் நிலையில் சிலுவைப் படம், மரியதாசன் ஒட்டியது, வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. நானாக இருந்தால் எப்போதோ கிழித்திருப்பேன். அவள் அழவில்லை. மீன் குழம்பு போட்டாள். சாப்பிட்ட பிறகு சாக்கை அவிழ்த்தாள்.

"என்னண்ணே, ரெண்டாக் கெடக்கு?"

"போல்ட் போட்டு முடுக்கிறலாம். ஓட்ட போட்டிருக்கேன்."

"வெல்டர் தான நீ? எதுக்குப் போல்ட்டு?"

"பஸ்ல கொண்டாரதுக்குச் சௌகரியமா இருக்கும்னு."

அவள் அந்த இரண்டு குழாயையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஸ்பானர் இருந்தா எவனும் கழட்டிருவானே. அதுக்கு மரமே இருந்திருக்கலாமே." எழுந்து கை கழுவப் போனவள், அங்கிருந்தே சொன்னாள். "அவரு செத்த அன்னிக்குக்கூட, படகுல பூராம் வேற மதத்து ஆளுவ, சத்தமா அருள் நிறைந்த மரியே ஜெபம் சொன்னாராம். அவருக்கு ரெண்டு துண்டா கொண்டாந்திருக்க."

எனக்குக் கோபம் வந்தது. உனக்கென்ன தெரியும் என் பிழைப்பு என்று கத்தினேன். அவள் தட்டுகளைக் கழுவி அடுக்கினாள். கத்தி முடித்த பிறகும் குழாய் இரண்டாகத்தான் கிடந்தது.

நவம்பர் 1, காலை 9.00. பஜாரில் ஒரு பெங்காலி மிஸ்திரியின் பட்டறை. (கோழிப்பண்ணை இல்லாத பெங்காலி.) போனால் கரண்ட் இல்லை. பதினோரு மணிக்கு வரும் என்றார். குழாய் இரண்டையும் தரையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அளவு பார்த்தார். நடு பஜார் ரோட்டோரம். இரண்டு மணி நேரம் அது அப்படியே கிடந்தது. காய்கறி வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள், ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள். நான் ஏதோ வேறு வேலையாக வந்தவன் போல டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். முதுகெல்லாம் வியர்வை.

மிஸ்திரி ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்து முகம் சுளித்தார். இந்திதான் எங்களுக்குப் பொது. நல்ல குழாயைக் கெடுத்த கழுதை எது என்று கேட்டார்.

"நான்தான். நானும் வெல்டர்தான்."

இந்தப் பயணத்தில் நான் ஒப்புக்கொண்ட முதல் உண்மை அது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெல்டரா? பின்னே ஏன் வெல்டு வைக்கவில்லை?"

"பயம்."

அவர் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கரண்ட் வந்ததும் வெல்டிங் ஹோல்டரை என் கையில் கொடுத்து, நீயே வை என்றார். வைத்தேன். நாலு பக்கமும் சுற்றி வைத்தேன், ஓட்டைகளையும் அடைத்தேன். ஓட்டை அடைத்த தழும்பு மட்டும் கிரைண்டரால் தேய்த்தும் போகவில்லை. ராடுக்கும் கரண்டுக்கும் 150 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

12.10. ஒரு ஆட்டோக்காரரும் ஏற்றவில்லை. ஒருவர் நிறுத்தி, பார்த்துவிட்டு, இடமில்லை என்று போனார். உண்மையிலேயே இடமில்லையோ என்னவோ. தோளில் தூக்கிக்கொண்டேன். பதினோரு கிலோ ஒரு பாரமா? கேட்டுக் கம்பி முப்பது கிலோ தூக்கியிருக்கிறேன். ஆனால் கேட்டுக் கம்பியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த ஒன்றரை கிலோமீட்டரில் என் கால் இரண்டு தடவை இடறியது. இயேசு சிலுவை சுமந்த பாடுகளை நினைத்துக்கொண்டு நடந்தேன் என்று எழுதினால் பொய். எந்த வாசலிலிருந்து கல் வரும் என்று பார்த்துக்கொண்டு நடந்தேன். கல் வரவில்லை. ஒரு மருந்துக்கடை வாசலில் ஒரு ஆள் போனை உயர்த்திப் படம் எடுத்தான். முகத்தைத் திருப்ப நினைத்தேன். சிலுவையின் கை கன்னத்தில் இடித்தது. திருப்ப முடியவில்லை.

மாலையே கல்லறையில் குழி தோண்டி, ஜல்லியும் சிமெண்டும் போட்டு நட்டோம். ஜெசிந்தா பெயர்த் தகட்டைச் சேலை முந்தியால் துடைத்தாள். வெல்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனி கழட்ட முடியாதுல்லா?" என்று மட்டும் கேட்டாள். அறுத்தால்தான் உண்டு என்றேன். மறுநாள் சாமியார் வந்து தண்ணீர் தெளித்தார். மெழுகுவர்த்திகள் கடல் காற்றில் அணைந்து அணைந்து எரிந்தன.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். அங்கே இதே நாளில் தெருவே கல்லறைக்குப் போகும். குழல் விளக்கு, மைக் செட்டு, பலகாரக் கடை. சிலுவையைத் தோளில் வைத்துப் போனால் வழிவிடுவார்கள். அங்கே நான் வீரனாக இருந்தேன். தெரு முழுக்க அதே சாமியைக் கும்பிடும்போது வீரத்துக்கு என்ன குறை?

நவம்பர் 3, காலை 8.40. திரும்பும் பஸ், ரங்கத் தாண்டி. சிக்னல் வந்ததும் போன் அடித்தது. அண்ணாச்சி.

"ஏடே அருளு, குரூப்ப பாத்தியா? மாயாபந்தர்ல எவனோ சிலுவையத் தூக்கிட்டுப் போறான். அசல் ஒன்ன மாதிரியே இருக்கான். பசங்க கண்டபடி பேசுதானுவ. அது அருளு இல்ல, அவன் கேட்டு வேலைக்குப் போயிருக்கான்னு நான் சொல்லிருதேன். என்ன, சரிதான?"

அவர் எனக்கு நல்லதுதான் செய்ய நினைத்தார். ஜிர்காட்டாங்கில் செய்த மாதிரியே. நான் சரி அண்ணாச்சி என்று சொன்னால் போதும். ஓட்டை அடைத்த தழும்பு ஞாபகம் வந்தது.

"நான்தான் அண்ணாச்சி. அது கேட் இல்ல. என் மச்சான் கல்லறைக்கு. என் பேரு அருள் சேவியர்."

லைன் போனது. அந்த இடத்தில் காடு நெருக்கமாக இருக்கிறது. சிக்னல் போனதா, அவர் வைத்தாரா, தெரியவில்லை. திரும்ப நான் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு லம்பா லைனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன் மேஜையில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை வெளிச்சம் வரும்போதும் அண்ணாச்சியா என்று எடுத்துப் பார்க்கிறேன். நாளை காலை எட்டு மணிக்கு அவர் சைட்டில் எனக்கு வேலை சொல்லியிருந்தார். வர வேண்டாம் என்று இதுவரை சொல்லவில்லை. ஏழரைக்குக் கிளம்புவேன்.