ஓடக்காரனை நான் உயிரோடு வைத்திருந்த ஏழு வருடங்கள்

நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து அறுநூறு பக்கப் புத்தகத்தை முடித்திருக்கிறேன். ஆனால் ஒரு பொய்யைச் சோறு போட்டு ஏழு வருடம் வளர்த்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் இந்த உலகத்திலேயே இல்லாத ஓர் ஆளைப் பற்றிய பொய்.

மட்டாஞ்சேரியில் நாங்கள் மூன்றாம் தலைமுறை. நகரசபை வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். நானும் சுகாதாரப் பிரிவில்தான் இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு வேலைக்கு ஏறினால் இரண்டு மணிக்கு இறங்கலாம். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்ததால் இங்கிலீஷும் மலையாளமும் சரளமாக வாசிப்பேன். தமிழ் எழுத்தை முப்பது வயதுக்கு மேல் நானாகத்தான் கற்றுக்கொண்டேன். பேச்சுக்கு மட்டும் எப்போதும் குறைவிருந்ததில்லை, வீட்டில் கேட்டால் அதிகம் என்பார்கள்.

யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒரு சேட்டனிடம், குப்பையைப் பிரித்துப் போடவில்லை என்று கண்டிக்கப் போனேன். அவர் பித்தளை விளக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு தடிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்க்காமல், "நாப்பது பக்கம் கூடி உண்டு. கழிஞ்ஞிட்டு வா" என்றார். இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறதாம், முடித்த பிறகு வரவேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைப் பிடுங்கி அட்டையைப் பார்த்தேன். அப்படியே முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பயணி விட்டுப்போன புத்தகம் அது. ஒரு வாரம் கழித்து அது என் வீட்டில் இருந்தது. குப்பை விஷயம் என்ன ஆயிற்று என்று இப்போது நினைவில்லை.

மூன்று புத்தகமாக வரவேண்டிய கதை. ஏழு நகரங்கள், விடியாத பனிக்காலம், தன் நிழலுக்கு ஆட்களைத் தீனி போடும் ராணி. ஒருவனை நல்லவன் என்று நம்பி மனசை விட்டோமோ, ஐம்பது பக்கத்துக்குள் அவன் தலை உருளும். இதைப் போய் யாராவது ஆசையாகப் படிப்பார்களா என்று கேட்காதவர்கள் என் வீட்டில் இல்லை. படிப்பார்கள். எழுதினவருக்கு எந்தப் பாத்திரத்திடமும் தயவுதாட்சண்யம் கிடையாது. அதனாலேயே ஒவ்வொரு பாத்திரமும் மூச்சுவிடும் ஒவ்வொரு பக்கமும் நமக்குப் பெரிதாகத் தெரியும். அந்தக் கைக்கு நான் இன்றுவரை அடிமை.

எங்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆள் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர். என்னை விட இளையவர், என்னை சேச்சி என்பார். சனிக்கிழமை யூதர் கோயிலான சினகாக் அடைப்பு என்பதால் ஜூ டவுனில் கூட்டம் குறைவு. அன்று நாலு மணிக்கு சேட்டனின் கடைக்குப் பின்பக்கம், விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலிகளில் உட்கார்ந்து, நாங்கள் மூவரும் அடித்துக்கொள்வோம். ராணியின் நிழல் யார், வடக்கு மதில் ஏன் இடிந்தது, இந்த மாதிரி.

சந்து முனை ஹோட்டலில் பரோட்டா போடும் மாஸ்டர்தான் எங்களுக்குச் சாயா கொண்டுவருவார். தென்காசிப் பக்கத்துக்காரர். மூன்றிலிருந்து ஐந்தரை வரை அவருக்குக் கல்லில் வேலை இல்லை. ஒருநாள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஓடக்காரன் ஓடக்காரன்னு சண்ட போடுதீங்களே, யாருக்கா அவன்?"

கறுப்பாற்றில் ஓடம் தள்ளும் ஒற்றைக்கண்ணன், சண்டை போடும் இரண்டு படைகளையும் அவன்தான் அக்கரை சேர்க்கிறான் என்றேன்.

"ரெண்டு பக்கத்தாளையும் ஏத்துதானா? அப்ப அவன ரெண்டு பக்கமும் நம்பாதுல்லா."

கிரேன்காரர் என்னைப் பார்த்தார். நாங்கள் இருநூறு பக்கம் படித்துக் கண்டுபிடித்ததை இந்த மனிதர் சாயா கிளாஸோடு நின்று சொல்லிவிட்டார். அன்றே முதல் புத்தகத்தின் முதல் அதிகாரத்திலிருந்து அவருக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. அந்தக் கதை தமிழில் வரவும் இல்லை.

அப்படித்தான் எங்களுக்குள் ஒரு சட்டம் வந்தது. மாஸ்டர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் கதையும் நிற்கும். நாங்கள் மூவரும் எவ்வளவு தூரம் படித்திருந்தாலும் சரி, அவருக்குச் சொல்லாத இடத்தைப் பற்றி அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து யாரும் வாய் திறக்கக் கூடாது. இதில் தியாகமெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் கேட்கிற அழகைப் பார்ப்பதற்காகத்தான். நான் ஒரு வாரம் வலது தோளில் காயம் என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் இடது என்றால், "அக்கா, தோள மாத்திட்டீங்க" என்பார். புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். நாற்பது பாத்திரங்களின் வம்சத்தைத் தலையில் வைத்திருந்தார். புத்தகம் படித்தவள் நான், வாசகர் அவர். இதை நான் பொறாமையில்லாமல் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

அவருக்கு ஓடக்காரன்தான் உயிர். அரண்மனைக் குப்பையைக் கிளறி ராஜ்ய ரகசியங்களை எடுக்கும் ஒரு கிழவி வருவாள். அவள் என்னுடையவள், காரணம் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைச் சொல்லவேண்டிய வாரம் மாஸ்டரின் அண்ணன் ஊரில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடித்து, மொட்டைத் தலையில் லேசாக முடி முளைத்து அவர் திரும்பி வந்தார். அந்தச் சனிக்கிழமை முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

"ஓடத்துல ராணி ஏறுனா, அதோட நிறுத்திட்டீங்க. வழியெல்லாம் அவன் நெனப்புதான்க்கா. என்ன ஆனான்?"

புத்தகத்தில், ராணி சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளை மடியில் வைத்து ஓடம் தள்ளக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான், அவள் கையாலேயே அவன் கழுத்து அறுபடும். நடு ஆற்றில். மூன்றே வரி. நான் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தேன்.

"தண்ணிக்குள்ள குதிச்சிட்டான், மாஸ்டர்" என்றேன். "அக்கரை போய்ச் சேர்ந்தானான்னு எழுதல. அடுத்த புத்தகத்துலதான் தெரியும்."

சேட்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிரேன்காரர் கூரையைப் பார்த்தார். எங்கள் சட்டம் என் பொய்க்கு அப்படியே பொருந்திப்போனது. மாஸ்டர் கதையில் ஓடக்காரன் உயிரோடு இருக்கிறான், ஆகவே அந்த நாற்காலிகளில் அவன் உயிரோடு இருக்கிறான்.

ஆறு மாதத்தில் மூன்றாம் புத்தகம் வரும், அதற்குள் இவர் மனசும் ஆறியிருக்கும், அப்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். எழுதினவர் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டார். இந்த வருடம், அடுத்த வருடம், உடம்பு சரியில்லை, திருத்துகிறேன். இணையத்தில் ரசிகர்கள் அவரைத் திட்டாத திட்டில்லை. நானும் திட்டினேன். ஊரடங்கு வந்து கடை அடைத்துக் கிடந்த மாதங்களில் ரொம்பவே திட்டினேன். மாஸ்டர் ஒரு நாளும் திட்டியதில்லை.

"மாவு புளிக்காம தோச ஊத்துனா நீங்கதான் ஹோட்டல்காரன ஏசுவீங்க. விடுங்க, அந்த ஆளு நிதானமா எழுதட்டும்."

காத்திருந்த அந்த வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. ஓடக்காரன் நீருக்கடியில் எவ்வளவு நேரம் மூச்சடக்குவான், எந்தக் கரையில் ஏறியிருப்பான், தெற்கு நகரத்தில் முகத்தை மூடிக்கொண்டு வந்த மீனவன் யார் என்று சனிக்கிழமைதோறும் ஒரு முடிச்சு அவிழ்ப்பார். எல்லாம் அவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தும். சில நாள் நானே மறந்துபோய், ஆமாம், அந்த மீனவன் அவன்தான் என்று நம்பியிருக்கிறேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காது.

போன வருடம் மழை விட்ட சமயத்தில் மூன்றாம் புத்தகம் வந்தது. சேட்டன் மூன்று பிரதிகள் வரவழைத்திருந்தார். என் பிரதியைப் படகுத்துறையில் படகுக்கு நிற்கும்போதே பிரித்தேன். முதல் அதிகாரம் ஓடக்காரனின் பிணத்தை அவன் ஓடத்திலேயே வைத்து எரிப்பதில் தொடங்கியது. படகு வந்து, ஆட்கள் ஏறி, போய்விட்டது. நான் புத்தகத்தை மூடிக் கைப்பைக்குள் போட்டேன். அதற்குமேல் ஒரு வரி படிக்கவில்லை.

கிரேன்காரர் ஒரு வழி சொன்னார். "ஓடக்காரனு ஒரு அனியன் உண்டெந்நு பறயாம், சேச்சி." எரிந்தது தம்பி என்று சொல்லிவிடலாமாம். சேட்டன் மட்டும் ஒரே வார்த்தை சொன்னார். "பறஞ்ஞேக்கு." சொல்லிவிடு.

அந்தச் சனிக்கிழமை மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். ஏதோ விசேஷத்துக்கு வருகிற மாதிரி தலைசீவியிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. ஓடக்காரன் இரண்டாம் புத்தகத்திலேயே செத்துவிட்டான், அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை, மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும்?" என்று மற்றவர்களைக் கேட்டார். சேட்டன் ஆமாம் என்று தலையசைத்தார். "அப்ப ஏழு வருஷமா நான் பேசுனதையெல்லாம் கேட்டுட்டு இருந்தீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டே, குரல் உயர்த்தாமல் சொன்னார்.

"அண்ணன் காலைல ஆறு மணிக்கே போய்ட்டான். எங்கிட்ட போன்ல சீரியஸா இருக்கு, ஒடனே வான்னாங்க. வழியில பயந்துருவேன்னுதான். நான் செங்கோட்டைல எறங்கி ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் வாங்குனேன். தெரு முக்குல பந்தலப் பாத்தேன். அந்த டப்பாவக் கையில வச்சிக்கிட்டே பந்தலுக்குள்ள போனேன்க்கா. அத எங்க வைக்கன்னு தெரியல." கிளாஸ்களைத் தூக்கினார். "நீங்களும் அதையேதான் செஞ்சிருக்கீங்க."

எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் சொல்வார்கள். என் அத்தை இறந்தபோது என் மாமாவிடம் போனில் சீரியஸ் என்று சொன்னது நானே. அதை இரக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். இரக்கப்பட்டு ஒருவரை ஏமாளி ஆக்க முடியும் என்று எனக்கு அதுவரை உறைத்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. சாயா வேறொருவர் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது சனிக்கிழமை இரண்டாம் புத்தகத்தையும் மூன்றாவதையும் எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்கே போனேன். மேசைகள் காலியாக இருந்தன. அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

"அந்தப் பக்கத்தப் படிங்க. நீங்க சேக்கவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

படித்தேன். மூன்று வரிதான். இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. அவர் கைகள் மாவில் அப்படியே நின்றன. கண்கள் நிறைந்து வழிந்தன, துடைக்கவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார் கடைசியில். "அவன் ராணியத் தடுக்கல பாத்தீங்களா. தொடுப்ப விடாமத்தான் செத்திருக்கான்." அவர் சொன்னது துடுப்பு. அதை நான் நான்கு தடவை படித்தும் கவனித்திருக்கவில்லை. மறுபடி பார்த்தேன். ஓடம் சாயாமல் இருப்பதற்காகக் கடைசிவரை அவன் கை துடுப்பிலேயேதான் இருந்தது.

பிறகு ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் நான் முன்கூட்டிப் படித்துவிட்டு வரக்கூடாது. அவர் முன்னால் உட்கார்ந்து, வரி வரியாக, இரண்டு பேரும் ஒன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சரி என்றேன். அடுத்த சனிக்கிழமை அவர் மறுபடி சேட்டன் கடை நாற்காலிக்கு வந்தார். ராத்திரிகளில் அந்தப் புத்தகம் அலமாரியில் இருப்பதைத் தெரிந்துகொண்டே தூங்குவது என்ன பாடு என்று படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

சேட்டனும் கிரேன்காரரும் அதற்குள் முடித்துவிட்டார்கள். வாய் திறக்கவில்லை, சட்டம் சட்டம்தான். ஐந்தாவது சனிக்கிழமை, என் கிழவி அரண்மனைக் கிணற்றடிக்குக் குப்பைக் கூடையோடு போகும் இடத்துக்கு வந்தேன். அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து சாயாவைக் குடித்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் பாட்டுக்குத் தமிழாக்கிக்கொண்டே போனேன். பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த வரியைக் கண்ணால் பார்த்தேன், வாய் வரவில்லை.

மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனாலும் தெரிந்துவிட்டது. வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் புத்தகத்தை மூடியிருப்பேன், சத்தியமாக.

அவர் தன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்கக்கா" என்றார். "நான் இங்கதான் இருக்கேன்."

"கிழவியக் கெணத்துல தள்ளிட்டாங்க, மாஸ்டர்" என்றேன். "செத்துட்டா."