இடப்பக்கத்தில் தேங்கிய மருந்து

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, கிண்ணியாவில் தயிர் போட்டு விற்கும் றுக்கியா முதலில் கேட்டது எருமைகளை யார் பார்ப்பது என்றுதான். அழுகை பிறகுதான் வந்தது. சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, கணவர் கலீலுர் றஹ்மான் அவளைக் கண்டிக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்.

கையில் ஊசி போட்டார்கள். அந்த மருந்து எலும்பில் போய்ப் படியும், மிச்சம் சிறுநீரோடு போய்விடும், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார்கள். மத்தியானம் படம் எடுத்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் புறப்பட, அவளை மட்டும் மறித்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி இன்னொரு படம் எடுத்தார்கள்.

துஷாந்தி என்ற டொக்டர் வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். திருகோணமலைப் பிள்ளை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அம்மா, எலும்பெல்லாம் நல்லா இருக்கு. அங்க ஒண்டும் பரவேல்ல."

"பிறகேன் டொக்டர் திரும்பக் கூப்பிட்டீங்க?"

"இடப்பக்கச் சிறுநீரகத்தில மருந்து வெளியேறாமத் தேங்கி நிக்குது. சிறுநீர் போற குழாயில ஏதோ அடைப்பு. அந்தப் பக்கம் நோவு இருக்கிறதோ?"

"ஒரு நோவும் இல்ல. அங்கயும் இந்தப் புற்றுநோய் வருத்தம்தானா?"

"அப்பிடி இப்ப சொல்ல ஏலாது. கல்லாயும் இருக்கலாம். வேற ஸ்கேன் எடுத்துப் பாப்பம். உங்கட டொக்டரோட நானே கதைக்கிறன்."

அடுத்த ஸ்கேன் வரை றுக்கியாவால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. கலீலுர் றஹ்மான் போட்ட தயிர் தண்ணியாக இருந்தது. வழக்கமாக வாங்குகிறவர்கள் அதையும் வாங்கிப்போனார்கள்.

அது கல்தான். நோவு காட்டாமலே குழாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. இன்னும் கொஞ்சக் காலம் விட்டிருந்தால் அந்தச் சிறுநீரகம் பழுதாகியிருக்கும் என்றார்கள். கல்லை எடுத்து, சிறுநீரகம் தேறிய பிறகே புற்றுநோய்க்கான மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். தலைமுடி போய்த் திரும்ப முளைத்தது.

துஷாந்தியை அவள் பிறகு காணவேயில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டாராம். "எலும்பத்தான் பாக்கச் சொன்னது. எலும்பு சரியெண்டு எழுதிப்போட்டு எழும்பிப் போயிருக்கலாமே, அந்தப் பிள்ள" என்று றுக்கியா அடிக்கடி சொல்வாள். தொழுகைக்குப் பிறகு அவருக்காகவும் துஆ கேட்பாள்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு நிப்லாவுக்கும் அதே ஸ்கேனுக்கு நாள் கொடுத்தார்கள்.

"பயமாக்கிடக்கு ராத்தா."

"எனக்கும் பயமாத்தான் இருந்தது. நானும் வாறன். போத்தலில தண்ணி எடுத்துக்கொள்ளுங்க" என்றாள் றுக்கியா.